முதல் அரை மணி

காலை ஒன்பதுக்கு இரும்புத் திரையை உருட்டி ஏற்றுகிறேன்.
ஒன்பதரை வரை நான் எண்ணுவது
நோயாளிக்கில்லை,
வட்டிக்கு.

ஒரு ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்:
நாளுக்கு முப்பத்தோரு டாலர் முப்பது சென்ட்.
என் அரை மணி நேரம், வரி பிடிக்கும் முன்.
பிடித்த பின் என்றால் முக்கால் மணி இருக்கும்.
முடிக்கவில்லை, யாரோ பேனா கேட்டார்கள்.
ஞாயிறு எனக்கு விடுப்பு.
வட்டி ஞாயிறும் வேலைக்குப் போகிறது,
நின்று நின்று அதற்குக் கால் வீங்குவதில்லை.

ஐந்து, பத்து, பதினைந்து.
நீலத் தட்டில் தட்டைக் கரண்டியால்
ஐந்தைந்தாய் ஒதுக்கவும்,
எது எதோடு சேர்ந்தால் இதயம் நிற்கும் என்று அறியவும்
ஆறு வருடம் படித்தேன்.
வாங்கியது ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்.
ஒன்பது வருடம் கட்டிய பின்
நிற்பது ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
பிள்ளையாய் இருந்திருந்தால்
இந்நேரம் நாலாம் வகுப்பு,
சைக்கிள் கேட்டிருக்கும்.

மௌமி ஆறு உறைந்த ஜனவரியில்
வாரம் நாற்பது மணி முப்பத்திரண்டானது.
சீட்டுகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை,
அவை முன்போலவே வந்து குவிந்தன.
மணிக்கு நாற்பது சென்ட் உயர்வு என்று
வட்டார மேலாளர் கைகுலுக்கிச் சொன்னார்.
அதே வாரம் வாடகை நூற்றைம்பது ஏறியது,
கைகுலுக்காமல்.

வீட்டில் பாதி வாடகை மர்வாவுடையது.
பல் மருத்துவமனையில் நாள் முழுக்க
டொலீடோவின் காறையைச் சுரண்டுகிறவள்.
முட்டை அட்டையில் தன் ஆறுக்கும்
பென்சிலால் புள்ளி வைக்கிறாள்.
சண்டை ஒன்றுமில்லை.
நான் அவசரத்தில் ஒன்றைப் பொரித்துவிட்டால்
என் முட்டை ஒன்றுக்குப் புள்ளி வைத்துவிடுவேன்.

கார் ஜன்னலில் ஆர்வில் பெட்கோ.
பின்சீட்டில் நாய், கையில் மடித்த நோட்டுகள்.
இரத்தம் உறையாதிருக்கும் மருந்து, முப்பது நாளுக்கு.
விலையைச் சொன்னேன்.
ஏழு நாளுக்கு மட்டும் கொடு என்றார்.
எட்டாம் நாள்?
அவர் நாயைப் பார்த்தார்.
ஐந்து, பத்து, பதினான்கு.
இழுப்பறையில் வைத்துத் தள்ளும்போது,
"உனக்கென்னம்மா, வெள்ளைக் கோட்டு" என்றார்.
கோபமாக இல்லை,
வெயில் அடிக்கிறதே என்று சொல்கிற மாதிரி.
பின்னால் நாலு கார்கள்.
என் காரின் பெல்ட் மூன்று வாரமாகக் கிறீச்சிடுவதை
அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் மெக்கானிக்காக இருந்தவர்.
சொல்லவில்லை.
வெள்ளைக் கோட்டு ஒரு மாதிரியான வாய்ப்பூட்டு.

இரவு எட்டே முக்காலுக்குப் பட்டியல் அச்சாகிறது:
கட்டிவைத்துப் பத்து நாளாகியும்
யாரும் வாங்க வராத மருந்துகள்.
ஒவ்வொரு பையாய் எடுக்க வேண்டும்,
பெயரை மறைக்க வேண்டும், அலமாரிக்குத் திருப்ப வேண்டும்.
குழந்தையின் இருமல் மருந்து.
இன்சுலின், இரண்டு வீடுகளுடையது.
ஒருத்தியின் தைராய்டு, அவள் இறந்துவிட்டாளோ
கடையை மாற்றிவிட்டாளோ, பட்டியல் சொல்லாது.
ஒன்பதாவது வரியில்:
டோபெக், லெனோர்.

அது நான்.

ஒற்றைத் தலைவலிக்கு, எட்டு மாத்திரை.
இந்த வருடத்துக் காப்பீடு இன்னும் தொடங்கவில்லை,
முன்னூற்றுப் பன்னிரண்டு டாலர் என் கையிலிருந்து.
பத்து நாளாய் அந்தப் பையைக் கடந்து போயிருக்கிறேன்,
தெருவில் கடன் கொடுத்தவரைக் கண்டவள் போல.

கறுப்பு மையால் என் பெயரைப் பூசினேன்.
மை காயுமுன்னே தொட்டதில்
கட்டைவிரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
அட்டையில் அடைத்த மாத்திரை,
எண்ண வேண்டியதில்லை.
இரண்டாம் தட்டில், தன் இனத்தோடு வைத்தேன்.

திரை பாதி இறங்கும்போது ஃபோன் அடித்தது.
பெட்கோவின் மகள்:
மாத்திரையை இரண்டாய் உடைத்தால்
பதினான்கு நாள் வருமா?

திரையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்,
தோளில் ஃபோன்.
"கூடாது" என்றேன்.
பிறகு, நேரம் முடிந்திருந்தும்,
அந்த மருந்துக்குச் சலுகை அட்டை தருகிறார்களா என்று
கம்ப்யூட்டரை மறுபடி திறந்தேன்.