ஏற்றமில்லாத வழி

பலகையில் எழுதியிருந்தது: எளிது.
போய்வர மூன்று கிலோமீட்டர், சரளைக்கல், ஏற்றமில்லை,
நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளவும்.

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஏழாவது வாரம்.
"சமதரையில் நட, கடல் தெரிந்தால் இன்னும் நல்லது"
என்றாள் பிசியோ ஹெலேனா.
கார் ஓட்ட எனக்கு இன்னும் அனுமதியில்லை.
ஆகவே நீ ஓட்டி வந்தாய்
டான்டினோங்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்,
வானொலியைப் பேசவிட்டு.
விவாகரத்துப் பத்திரத்தில் நாம் கையெழுத்து வைத்த பேனா
முன்கண்ணாடியின் கீழே கிடந்து
வளைவுக்கு வளைவு உருண்டது.
அதை எடுத்து வைக்க
இருவருக்கும் கை போகவில்லை.

கில்கண்டாவில் இறங்கியதும்
காற்று உன் தொப்பியைக் கேட்டது.
கொடுத்துவிட்டாய்.
வேலிக்கு அப்பால், கடலுக்கு முதுகு காட்டி மேய்ந்த
கறுப்பு மாடுகளில் ஒன்று
அதை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது.

ரயிலுக்கு ஏற்றம் ஆகாது.
ஐம்பது அடிக்கு ஓரடி உயர்ந்தாலே இரைக்கும்.
அதற்காக
யார் யாரோ மண்வெட்டியோடு வந்து
குன்றின் விலாவைச் சீவி
சீவிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி
நிலத்தை இரும்புக்குச் சம்மதிக்க வைத்தார்கள்.
வொந்தாகியிலிருந்து கரி போனது.
பிறகு ஒரு நாள், கரி போதும் என்றார்கள்.
தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
சமதரையைக் கழற்ற முடியவில்லை போலும்.
அதன்மேல்தான்
உலோக மூட்டோடு நான்
காலாற நடக்கிறேன்.
அவர்கள் யாரும் என் முழங்காலை நினைத்து
வெட்டவில்லை.

தண்டவாளம் இருந்திருந்தால்
நம்மைப் போல என்று சொல்லியிருப்பாய்,
பக்கம் பக்கமாய், சேராமல், கடைசிவரை.
தேய்ந்த உவமைகளில் உனக்கொரு பிரியம்
பெண் பார்க்க வந்த அன்றே தெரியும்.
இங்கே உவமையையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள்.
சொல்ல ஒன்றும் கிடைக்காமல்
சரளையைப் பார்த்துக்கொண்டு வருகிறாய்,
என் வேகத்துக்கு,
அதாவது வேகமேயில்லாத என் வேகத்துக்கு.
பதினொரு வருடத்தில் நீ
எனக்குப் பின்னால் நடந்தது இதுதான் முதல் தடவை.

தேயிலைமரப் புதரடியில் ஒரு எக்கிட்னா.
காலடிச் சத்தம் கேட்டதும்
பாதி உடம்பை மண்ணுக்குள் இறக்கி
முள்ளை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.
"உன்னைப் போல" என்றாய்.
சிரித்துவிட்டேன்.
சிரித்ததற்காகக் கொஞ்சம் கோபமும் வந்தது.

மரப்பாலம்.
கீழே ஓர் ஓடை, அவசரமின்றி,
கடலுக்குள் போய்த் தன் நிறத்தை இழந்துகொண்டிருந்தது.
நடுப்பாலத்தில் கால் பிடித்தது.
"நோகுதோ?"
"இல்லை."
இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைத்தான்
எல்லா வருடமும் சொல்லியிருக்கிறேன்.
காற்றில் அது சரியாகக் கேட்டதோ என்னவோ,
"ஓம், நோகுது" என்றேன் இரண்டாம் முறை.

பின்னால் சைக்கிள் மணி.
ஒதுங்கினோம்,
தற்செயலாய் ஒரே பக்கத்துக்கு.
மஞ்சள் சட்டை போட்ட கிழவன்
நன்றி என்று கத்திக்கொண்டே போனான்.
உன் சட்டைக் கையில் அதே சவர்க்கார வாசம்.
அதை மாற்றியிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

ரயிலென்றால் வொந்தாகிவரை போயே ஆகவேண்டும்.
எங்களுக்கு அப்படியில்லை.
பாலம் முடியும் இடத்தில் திரும்பினோம்.

திரும்பும்போது சரளையில்
கறுப்பாய் ஒன்றைக் கண்டெடுத்தேன்.
கரி என்றாய் நீ.
வெறும் கல் என்றேன் நான்.
"கொளுத்திப் பார்த்தால் தெரியும்."
"வேண்டாம்."

காரில் அதைப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
முதல் வளைவில் பேனா உருண்டு வந்து
அதில் முட்டி நின்றது.
கூ-வீ-ரப் தாண்டும்வரை
வானொலியை நீ போடவில்லை.
நானும் கேட்கவில்லை.