ஐஸ்காரரின் கை

ரோமிலிருந்து வந்த காகிதம்
பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.
பூசை வைக்கக் கூடாது, பிரசங்கம் கூடாது,
கல்யாணம் செய்துகொள்ளலாம்.
செய்துகொண்டோம், கதவடைத்த சிற்றாலயத்தில்,
சாட்சிக்கு இரண்டு பேர்.

குறும்பனைக்குக் குடிவந்த வாரம்
வாசலில் ஒரு பை சாளைக் குடல் கிடந்தது.
போட்டது வறுவேல் என்று ஊருக்கே தெரியும்.
"சாமியாரக் கெடுத்தவ" என்று
குழாயடியில் முதலில் சொன்னதும் அவன்தான்.

பதினொரு வருடம்.
ததேயு குளச்சலில் ஐஸ் உடைக்கிறார்.
உள்ளங்கை வெடித்து, அமோனியா நாறி வருவார்.
நான் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவேன்.
ஒருமுறை விளையாட்டாய்க் கேட்டேன்,
அன்று ஆயர் பூசிய எண்ணெய் இன்னும் இருக்கிறதா என்று.
சிரிக்கவில்லை.
"அது தோலுல பூசினதில்ல" என்றார்.

ஐப்பசியில் காற்று பிடித்த இரவு
திங்கள்நகர்ச் சாலையில் புளியமரம் விழுந்து கிடந்தது.
பங்குச்சாமி கோட்டாற்றில் மாட்டிக்கொண்டார்.
வறுவேலின் மகன் கதவைத் தட்டினான்.
எப்போதும் "ஐஸ்கார மாமா" என்பவன்
அன்று "சாமி" என்றான்.
"அப்பாக்கு மூச்சு இழுக்குது. ஒருக்கா வாங்க."

இவர் என்னைப் பார்த்தார்,
அனுமதி கேட்பது போலல்ல,
மன்னிப்புக் கேட்பது போல.
பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.
நானும் குடையோடு பின்னால் போனேன்,
எதற்கென்று தெரியாமல்.

எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.
தகரத்தில் மழை, ஒரு சொல்லும் கேட்கவில்லை.
திரைத்துணி காற்றில் விலகியபோது
கை மட்டும் தெரிந்தது.
நான் எண்ணெய் தேய்க்கிற கைதான்.
ஆனால் அதை எனக்குத் தெரியாது.
கொஞ்சம் உயர்ந்து,
அவசரமே இல்லாமல் ஒரு சிலுவை வரைந்தது.

அப்பமும் இரசமும் ஏந்தி வந்தானே
அப்பன் பெயர் எழுதப்படாத அந்தப் பழைய அரசன்,
அவன் பணியை விட்ட நாளும் எழுதப்படவில்லை.
என்றென்றும் என்பது
வானத்தில் எங்கோ இருப்பது என்று நினைத்திருந்தேன்.
வறுவேல் வீட்டுக் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில்
மூத்திர வாடையில் இருந்தது.

விடியுமுன் அவன் போய்விட்டான்.
திரும்பும் வழியில் நான் எதுவும் கேட்கவில்லை.
குடலைச் சொன்னானா, குழாயடியைச் சொன்னானா,
என் பெயர் வந்ததா, வருந்தினானா.
கேட்டாலும் சொல்லமாட்டார்.
நான் சாகிற அன்றும் சொல்லமாட்டார்.
காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆறு மணிக்கு ஐஸ் வண்டி ஹார்ன் அடித்தது.
வழக்கம்போல் கையை நீட்டினார்.
கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன்.