மூன்று விசில்

செங்காங், பதினோராவது மாடி.
வடிகட்டி விற்க வந்த ஃபிர்தௌஸ்
என் டம்ளரில் இரண்டு கம்பிகளை நிறுத்தி
மின்சாரம் விட்டான்.
பழுப்பாய் நுரைத்துச்
சாக்கடையானது குழாய்த் தண்ணீர்.

"இதைத்தான் குடிக்கிறீங்க, சிஸ்டர்."

தம்பி,
நான் ஆவடியில் ஒன்பது வருஷம்
போர் தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்டவள்.
சோப்பு அங்கே நுரைக்காது,
திரிந்த பாலாய் விரலில் ஒட்டும்.
ஷவரின் கண்களைக் குத்திக் குத்தியே
ஊக்குகள் வளைந்துபோயின.
ஏழு விசிலுக்கும் வேகாது துவரம்பருப்பு.
முடி கொத்தாய்க் கையோடு வந்தது.
மாமியார் அதற்கு
வேறு காரணம் வைத்திருந்தார்.

இங்கே வந்த முதல் வாரம்
கைப்பழக்கத்தில்
மெஷினில் ஒரு டம்ளர் பவுடரைக் கொட்டிவிட்டேன்.
கதவிடுக்கு வழியே நுரை வெளியேறி
எதிர்வீட்டு மேடம் குவெக்கின்
செருப்பு இரண்டையும் மூடிவிட்டது.
அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில்
கணவர் பயந்தே போனார்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
"துருப்பிடிக்கிறது கம்பிதானே?" என்றேன்.

மேனேஜர் சொல்லித்தராத கேள்வி.
கம்பியைத் துணியில் துடைத்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.
சட்டைக் காலர் நனைந்திருந்தது.
எத்தனை வீடு ஏறினானோ.

வேறு டம்ளரில்
அதே குழாயில் பிடித்துக் கொடுத்தேன்.
அண்ணாந்து
மடமடவென்று குடித்தான்.
இன்னொன்றும் கேட்டான்.

அவன் விட்டுப்போன விளம்பரத்தாளின் மேல்
குக்கரை இறக்கிவைத்தேன்.