பதினொன்று நாற்பது

கொம்தாருக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி,
மின்படி ஓடாத மூலையில் என் கடை.
கூரை ஒழுகும் இடத்தில் ஒரு மைலோ டின்.

யோகமலர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தாள்,
மடிக்கணினியை ரொட்டிப் பையில் சுற்றி.
"மெதுவா ஓடுது" என்றாள்.
எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.
அப்புறம் குரலை இறக்கி,
"நான் யாருக்கும் அனுப்பாத கடிதத்துக்கு
வீட்டில பதில் வருது."

திறந்து பார்த்தேன்.
வைரஸ் என்றால் எதையாவது உடைக்கும், தெரிந்துவிடும்.
இது அச்சுப்பொறியின் உதவியாளன் போலப் பெயர் வைத்துக்கொண்டு
பின்னால் உட்கார்ந்திருந்தது,
அவள் தட்டிய ஒவ்வொரு விசையையும் எழுதிக்கொண்டு.

அந்தக் கோப்புக்குப் பூட்டுகூட இல்லை.
வங்கிக் கடவுச்சொல்.
லாரி கம்பெனியின் டீசல் கணக்கு.
"அன்புள்ள" — அழிப்பு — "மதிப்புக்குரிய ஐயா,
ஈப்போ கிளையில் வேலை காலி என்று" —
பிறகு அறை வாடகை, முன்பணம் எவ்வளவு,
"தனியாகத்தான்" — அழிப்பு, அழிப்பு, அழிப்பு.
அவள் அழித்ததை எல்லாம்
அது அழிக்காமல் வைத்திருந்தது.
இவ்வளவு கவனமாய் அவளை
வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது,
நானும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.
மூடினேன்.

எந்த வாசலில் நுழைந்தது?
இலவச விளையாட்டு இல்லை, திருட்டு மென்பொருள் இல்லை,
பரிசு விழுந்ததென்று வரும் மின்னஞ்சல் இல்லை.
பென்டிரைவ்.
தீபாவளிக்கு முந்தின இரவு, பதினொன்று நாற்பது.
கடவுச்சொல் முதல் முயற்சியிலேயே சரி.

தேதியை மட்டும் சொன்னேன்.
"முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

இன்றைக்கே துடைத்துவிடலாம்.
துடைத்தால், போட்டவருக்குத் தெரியும்.
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், சொன்னேன்.
கடவுச்சொற்களை இதில் மாற்றக்கூடாது,
மாற்றுவதையும் இது எழுதிக்கொள்ளும்.
நம்பிக்கையான ஒருவர் கைபேசியில் மாற்றணும்,
பிள்ளை பெயர், கல்யாணத் தேதி வேண்டவே வேண்டாம்.
கேமராவுக்கு ஒட்ட பிளாஸ்டர் என்னிடம் இருக்கிறது.

வெகுநேரம் டின்னையே பார்த்திருந்தாள்.
"ரெண்டு வாரம் அப்படியே இருக்கட்டும்."
பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி
நிதானமாய்த் தட்டினாள்:
நாளைக்கு வெண்டைக்காய் வாங்கணும்.
ஒரு எழுத்தும் அழிக்கவில்லை.

எவ்வளவு என்று கேட்டாள்.
"பார்த்ததுக்குக் காசு வாங்கறதில்ல."
"பார்த்தீங்களா?"

"நாலு வரி" என்றேன்.