கேள்வி எண் பதினேழு

மத்திய அரசுப் பணத்தில் அச்சான
நாற்பது பக்கக் கேள்வித்தாள்
டெல்ஃபின் புரூசாரின் மடியில்.
லூசியானா, நீதிமன்றத் தாழ்வாரம்,
ஆறிப்போன காபி.

“ஒரு கட்சிக்காரரிடம் எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?”
அரை மணி. ஒரு மணி. அதற்கு மேல்.
கட்டங்களுக்கு வெளியே எழுதினாள்:
லிஃப்ட் இரண்டாம் மாடி ஏறும் நேரம்.

பெயர் கூப்பிட்டார்கள்.
சங்கிலி குலுங்க வந்த பையன்
“நீங்கதான் என் வக்கீலா?” என்றான்.
ஆமாம் என்பதற்குள்
அவன் பெயரைத் தாளில் தேடினாள்.

ஆய்வுக்கு ஆறு லட்சம் டாலராம்.
இவர்கள் அலுவலக ஜெராக்ஸில்
மார்ச்சிலிருந்தே மை இல்லை.

“இந்த வேலையில் ஏன் நீடிக்கிறீர்கள்?”
ஒரே ஒரு வரிக்கு இடம்.
பையைத் துழாவினாள்.
குற்றத்தை ஒப்புக்கொண்டு
அவன் கையெழுத்திட்ட மேசையிலேயே
கிடக்கிறது பேனா.