கூட்டப்பொருள் ஏழு

ஜூம் சதுரங்களில் பதினோரு கல்லூரி.
இரண்டு பேர் இன்னும் மியூட்டிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
தாம்பரம் சாருக்குப் பின்னால் அவர் வீட்டுக் குக்கர்
விசில் அடிக்கிறது.
பதினெட்டு மாதத்தில் நான் கேட்ட
முதல் விசில்.

செஸ்: நடத்தலாம், ஒருமனதாக.
டேபிள் டென்னிஸ்: பந்தை யார் துடைப்பது என்ற கேள்வியோடு.
ஓட்டம்: ஒரு தடம் விட்டு ஒரு தடம்.
ரிலேயில் கோல் கைமாறும் அந்த ஒரு நொடிக்கு
இருபது நிமிடம் விவாதித்தோம்.
சானிடைசர் தடவினால் கோல் வழுக்கும் என்றார் ஜோவிட்டா.
வழுக்கட்டும் மேடம், பரவுவதற்கு
விழுவது மேல் என்றது
கேமரா அணைத்த ஒரு குரல்.

அட்டவணை போட எனக்கு இடம் வேண்டும்.
எங்கள் உள்ளரங்கில் ஜூலை வரை முப்பத்திரண்டு கட்டில்.
பாட்மிண்டன் கோடுகளின் மேலேயே போட்டிருந்தார்கள்,
சர்வீஸ் கட்டத்துக்கு இரண்டு வீதம்.
கட்டில்கள் போய்விட்டன.
இரும்புக்கால் பதிந்த குழிகள் மரத்தரையில் அப்படியே.
நேற்றுப் போய் எண்ணினேன்.
நூற்றிருபத்தெட்டு இருக்க வேண்டும்,
நூற்றிருபத்தாறுதான் வந்தது.
எதற்கு எண்ணினாய் என்று கேட்காதீர்கள்.

மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்புப் பொடிக்கு
முன்பணம் கேட்டிருந்தேன்.
கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது:
இருப்பில் ஒன்பது மூட்டை உள்ளது.
போய்ப் பிரித்தால்
பிளீச்சிங் பவுடர்.
கோடு போடும் ஏகாம்பரம் இருந்திருந்தால்
மூட்டையைப் பிரிக்காமலே மோந்து சொல்லியிருப்பார்.
மே மாதம், கீழ்ப்பாக்கம், ஆம்புலன்ஸ் வரிசை.
அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

கூட்டப்பொருள் ஏழு: பெண்கள் கபடி.

மியூட்டில் பேசியவர்களும் நிறுத்திவிட்டார்கள்.
தொடுவதுதான் ஆட்டம்.
கைகோத்து நிற்பதுதான் தடுப்பு.
போதாக்குறைக்கு, போகிறவள்
வாயைத் திறந்து பாடிக்கொண்டே போக வேண்டும்,
நடுவர் காதில் விழுகிற மாதிரி.
மாஸ்க் போட்டுப் பாடலாமே என்றது ஒரு சதுரம்.
பாட்டு துணிக்குள்ளேயே நின்றுபோனால்
அவள் மூச்சு விட்டாளா இல்லையா,
யார் சொல்வது?
ஒத்திவைப்போம் என்றார்கள்.
ஒ என்று தட்டச்சு செய்துவிட்டேன்.

அப்போது ராயபுரத்திலிருந்து ஒரு வீடியோ.
சகாய நிஷா, மூன்றாமாண்டு வணிகவியல்,
எங்கள் ரெய்டர்,
ஸ்டான்லியில் பதினேழு நாள் கிடந்தவள்.
கையில் மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் டப்பா,
உறிஞ்சினால் எழும்பும் மூன்று பந்து.
மூன்றையும் தூக்கி நிறுத்துகிறாள், விடுகிறாள்.
பிறகு மொட்டைமாடியில், காயும் நைட்டிகளுக்குக் கீழே,
குனிந்து களத்து மண்ணைத் தொடுவதுபோல்
சிமெண்டைத் தொட்டுக் கும்பிட்டு
கபடிகபடிகபடிகபடி
கபடிகபடி
கபடி
இருமல்.
அடியில் எழுதியிருக்கிறாள்:
பத்தொம்பது செகண்டு மேடம். போன வாரம் பதினொண்ணு.
நம்ம மேட்ச் என்னிக்கு?

ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி.
வாரத்துக்கு எட்டு என்றால் இன்னும் பத்து நாள்.
நுரையீரல் அப்படி வகுத்துக் கொடுக்காது,
எனக்குத் தெரியும்.

மியூட்டை எடுத்தேன்.
என்ன பேசினேன் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இல்லை,
எழுதியவள் நானே.
குறிப்பில் இருப்பது இவ்வளவு:
ஏழு. பெண்கள் கபடி.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று.
பார்வையாளர் இல்லை. தேதி பின்னர்.

என் தாளில், கடைசிக் கட்டத்தில்,
பென்சிலால் ஒரு தேதி போட்டிருக்கிறேன்.
அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும் என்கிறார் தாம்பரம் சார்.
பிடிக்கட்டும்.
யாராவது
சுண்ணாம்பு மட்டும் பார்த்து வாங்கி வாருங்கள்.