பொத்தான் அழுத்தாத நேரம்

கதை சிக்ஸ்டனுடையது.
கடல் ஏறி இறங்கியபின் மிஞ்சிய மால்மோ,
இடை முறிந்த பாலம், மறுகரையில் மருந்து,
கூடவே இருமிக்கொண்டு வரும் ஒரு பையன்.
சண்டைகளை மூன்றாம் மாடியில் பன்னிரண்டு பேர் செய்தார்கள்.
எனக்கு வந்தது
யாரும் கேட்டு வாங்காத வேலை:
ஆடுபவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டால்
இர்சா என்ன செய்வாள்?

காபி இறங்கிவிட்டதா பார்க்கப் போவார்கள்.
கதவு தட்டினால் போவார்கள்.
அத்தனை நேரமும் அவள்
இடிந்த சுவரோரம் நிற்க வேண்டும்,
பொம்மையாகிவிடாமல்.

முதலில் மூச்சு கொடுத்தேன்.
பிறகு எடையை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு.
பிப்ரவரி முழுக்கப் பேருந்து நிறுத்தங்களில் திருடினேன்:
ஒருத்தியின் தோள், ஒரு கிழவரின் கழுத்துச் சொடுக்கு,
பூட்ஸைக் கழற்றிக் கல்லை உதறிய மாணவன்.
கை குவித்து ஊதுவது மட்டும் என் சொந்தச் சரக்கு.
வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி எழும்,
விளக்கடியில் கலையும்.
விளம்பரத்துக்கே அதை எடுத்துக்கொண்டார்கள்.
கொஞ்சம் கர்வம்தான்.

சோதித்துப் பார்க்க வந்தவர்களில் செனாதா.
போஸ்னியாக்காரி, ஐந்தாம் எண் பேருந்து ஓட்டுபவள்.
பெயர் கொடுத்தது மகன்; அவனுக்குக் காய்ச்சல், இவள் வந்தாள்.
ஓட எந்தப் பொத்தான், சுட எந்தப் பொத்தான்
என்று கேட்டுக்கொண்டாள்,
இரண்டாவதை மறந்தாள்.
ஆனாலும் பாலம்வரை வந்துவிட்டாள்.

பாலத்தில் காவல்காரன் முதுகு காட்டி நிற்பான்.
வயது பதினேழு, சிக்ஸ்டன் வேண்டுமென்றே வைத்தது.
திரையில் ஒரே ஒரு பொத்தான் மினுங்கும்.
அழுத்தினால் கதை நகரும்.
அழுத்தாவிட்டால்?
அப்படி ஒன்று எழுதப்படவில்லை.

செனாதா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.
கண்ணாடிக்கு இப்பால் நாங்கள்.
நான்கு நிமிடம். ஒன்பது.
தூங்கிவிட்டாளா என்றான் சிக்ஸ்டன்.
இர்சா கல்லை உதறினாள்.
கை ஊதினாள்.
மறுபடி அதே கல்.
மறுபடி.
கையிருப்பு தீர்ந்த என் வேலை
அத்தனை பேர் முன்னால்
செக்குமாடாய்ச் சுற்றி வந்தது.

நாற்பதாம் நிமிடம் உள்ளே போனேன்.
ஏதாவது கோளாறா?
"இல்லையே. காவல் மாறட்டும் என்று பார்க்கிறேன்.
மாறத்தானே செய்வார்கள்?"
மாறமாட்டான். அவனுக்கு வீடு போகும் நேரமே
நாங்கள் வைக்கவில்லை.
அதை எப்படிச் சொல்வதென்று நான் தேடுகையில்
அவளே திரையைக் காட்டினாள்:

"இந்தப் பெண் இப்படி ஊதக்கூடாது.
இருட்டில் மூச்சு வெள்ளையாய்த் தெரியும்.
எதிர்க்கரையில் அதைப் பார்த்துத்தான் சுடுவார்கள்.
சால்வையைக் கடித்துக்கொள்ளணும்.
கம்பளி நனைந்து நாறும். நாறட்டும்."

எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை.
வந்ததற்குக் கொடுத்த சினிமா டிக்கெட்டைப்
பையில் செருகிக்கொண்டு
இரண்டரைக்கு ஷிஃப்ட் என்று போய்விட்டாள்.

ஆவியை அழித்தேன். விளம்பரப் பிரிவு கத்தியது.
காவலுக்கு மாற்றாள் ஒருவன் கேட்டேன்,
வெறுமனே நடந்து வந்து தோளைத் தட்டினால் போதும் என்றேன்.
பணமில்லை என்றான் சிக்ஸ்டன்.
என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.
கிடைத்தது ஒரு சால்வை.

வெளியானபின் எண்கள் வந்தன.
பாலத்தில் ஆட்கள் நிற்பது
சராசரி மூன்று விநாடி.
சால்வை வருவது நான்காம் நிமிடத்தில்.

எங்கோ இப்போது ஒருவர்
போன் அடிக்க எழுந்து போயிருக்கிறார்.
அறையில் திரை வெளிச்சம் மட்டும்.
பையன் இருமலை விழுங்குகிறான்.
இர்சா கம்பளியைப் பல்லில் கவ்வி,
ஆள் மாறட்டும் என்று
நிற்கிறாள்.